எடை குறைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: உடம்பின் கணக்கு வேறு

டயட் தொடங்கிய முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கும். அதை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன், ஒரு கிராமுக்கு மூன்று கிராம் வரை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அப்புறம் கலோரிக் கணக்கு. ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி, தினமும் 500 குறைத்தால் பதினைந்து நாளில் ஒரு கிலோ என்று பலரும் பல மாதங்களுக்குத் திட்டம் போடுகிறார்கள். காகிதத்தில் சரிதான். ஆனால் எடை இறங்க இறங்க உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. எழுந்து நடப்பது, கைகாலை அசைப்பதுகூட நமக்கே தெரியாமல் குறையும். எடை ஓரிடத்தில் நின்றுவிட்டால், 'டயட் வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. ஆத்திரத்தில் சாப்பாட்டை இன்னும் பாதியாக்குபவர்களும் உண்டு. இரண்டாவது ரகம்தான் எனக்குக் கவலை தருகிறது. புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாமல் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

'என் மெட்டபாலிசமே (உடம்பு கலோரியைச் செலவழிக்கும் வேகம்) ஸ்லோ' என்று பழியை அங்கே போடுவதும் பாதி உண்மைதான். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ சுமார் 100 கலோரி கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2016-இல் கணக்கிட்டார்கள். பெரிய எதிராளி பசிதான். கொழுப்புச் செல்களிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்ததும் மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறிப் பசியைக் கிளப்புகிறது. பத்து வாரக் கடும் டயட் முடித்தவர்களிடம் ஓராண்டு கழித்தும் இந்த மாற்றங்கள் சரியாகவில்லை என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இது தெரியாமல் மன உறுதி இல்லை என்று தன்னையே திட்டிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில் 36 ஆரோக்கியமான ஆண்கள் தாங்களாகவே சேர்ந்தார்கள். அரைப்பட்டினியில் ஆறு மாதம். எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது. பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆகிவிட்டது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள். கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். உறுதி இல்லாதவர்கள் என்று யார் சொல்வது?

கடைசியாக, இலக்கு எடையைத் தொட்டதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் ஊசியிலும் இதே கதைதான். ஓர் ஆய்வில், நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அதனால் எந்த முறையில் இறங்கும் முன்பும், எடை குறைந்தபின் என்ன சாப்பிடப் போகிறோம், எதைத் தொடரப் போகிறோம் என்பதையும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.