பெட்டியைப் பிரிக்க முன்னம் பின் அட்டையைப் பாருங்கள்

போன கிழமை களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கல்லடிக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் லண்டன் மாமா கொண்டுவந்த, யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் புளூரே (டிவிடிக்குப் பின் வந்த, படம் இன்னும் தெளிவான இறுவட்டு) பெட்டி. "அண்ணா, மெஷின்ல போட்டா ஓடுதில்ல. இறுவட்டு பழுதா இருக்குமோ?" என்றார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய பிளேயர் சிங்கப்பூரில் வாங்கியது என்றதும் விளங்கிவிட்டது. இறுவட்டு ஒரு பிராந்தியத்துக்கு, பிளேயர் இன்னொன்றுக்கு. நான் விட்ட அதே பிழை.

விரல் அடையாளம் படாமல் பிடியுங்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ரீஜியன் பார்க்காமல் வாங்குவது

புளூரேயில் உலகத்தை மூன்று ரீஜியனாக, அதாவது பிராந்தியமாக, பிரித்திருக்கிறார்கள். ஒன்றுக்குப் பூட்டிய இறுவட்டு மற்றதன் பிளேயரில் ஓடாது. அமெரிக்கா, கனடா, யப்பான், கொரியா, சிங்கப்பூர் எல்லாம் A. ஐரோப்பா, மத்திய கிழக்கு, அவுஸ்திரேலியா B. இந்தியாவும் இலங்கையும் C. பழைய டிவிடி கணக்கு வேறு. அதில் நாம் 5. நல்ல பழைய படங்களை இறுவட்டில் வெளியிடும் கிரைட்டீரியன் போன்ற நிறுவனத்தின் அமெரிக்கப் பதிப்பு A, அதே நிறுவனம் 2016 இலிருந்து பிரித்தானியாவில் வெளியிடும் பதிப்பு B. அட்டைப்படம் ஒன்றாக இருக்கும், உள்ளே பூட்டு வேறு.

மட்டக்களப்பில் சேகரிப்பவனுக்கு இது ஏன் பெரிய தலையிடி என்றால், நாம் கடையில் வாங்குவதில்லை. உறவுக்காரர் கொண்டுவருவதைத்தான் வாங்குகிறோம். ரொறன்ரோ மச்சான் வந்தால் A வரும். சுவிஸ் சித்தப்பா வந்தால் B வரும். பிளேயரோ கட்டாரில் வேலை செய்தவர் கொண்டுவந்தது, அதுவும் B. ஒரே அலுமாரிக்குள் மூன்று கண்டம்.

2016 இல் பெரியம்மாவின் மகன் மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு ரொறன்ரோவிலிருந்து வந்தபோது, சத்யஜித் ரேயின் அப்பு முப்படப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் படங்களின் மூல நெகட்டிவ் 1993 இல் லண்டனில் தீயில் அகப்பட்டது. எரிந்து சுருண்ட பிலிமை இத்தாலியின் பொலொன்யாவில் ஈரப்பதம் ஊட்டி நிமிர்த்தி, சட்டம் சட்டமாக (பிரேம் பிரேமாக) மீட்டெடுத்தார்கள். அதைப் பார்க்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன்! தீர்த்தம் ஆடிவிட்டு வந்து, ஈரத்தலையோடு பெட்டியைப் பிரித்து இறுவட்டைப் போட்டேன். 'இந்தப் பிராந்தியத்தில் இயங்காது' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

டிவிடி பிளேயர் பலவற்றில் ரிமோட்டில் சில எண்களை அமர்த்தினால் பூட்டுத் திறக்கும். புளூரேயில் அநேகமாக அது நடக்காது. சரி, கனடா பிளேயரையே எடுப்போம் என்று அடுத்த வருடம் ஒன்று எடுப்பித்தேன். பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. நம் வீட்டு மின்சாரம் 230. சுவிட்சைப் போட்ட கையோடு 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய மணம். அப்பு பெட்டி மேலும் ஒரு வருடம் அலுமாரியில் கிடந்தது.

இன்றைக்கும் இதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. பின் அட்டையின் கீழ் ஓரத்தில், மிளகளவில் ஒரு எழுத்து. அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கடைசியில் மூன்று ரீஜியனும் ஓடும் பிளேயர் ஒன்றை வாங்கினேன். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'எல்லா ரீஜியனும் ஓடும்' என்று விளம்பரம் செய்பவர்களில் பலர் டிவிடியை மட்டும்தான் சொல்கிறார்கள். புளூரே A, B, C மூன்றும் ஓடுமா என்று பிரித்துக் கேளுங்கள். ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

புளூரேயைவிடத் தெளிவான 4கே இறுவட்டுக்கு ரீஜியன் பூட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு 4கே பிளேயர் வேண்டும். அப்புறம் அதே பெட்டியில் வரும் சாதாரண புளூரே பூட்டியிருக்கலாம். நேர்காணல், ஆவணப்படம் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

மாரி மழையை மறப்பது

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம். ஐப்பசி பிறந்தால் சுவரே வியர்க்கும். இறுவட்டு தாங்கிவிடும், கூட வரும் சிறுநூலும் கடதாசி உறையும்தான் பூஞ்சணம் பிடிக்கும். பளபளப்புத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள், எழுத்து மறுபக்கத்தோடு போய்விடும். அலுமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்கவேண்டாம், நாலு விரல் இடைவெளி விடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டணத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கீழ்த்தட்டில் எதுவும் வேண்டாம். வெள்ளம் வரும் ஊர்.

யப்பான் பதிப்பு

ஆங்கில உபதலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் இருக்காது.

"படத்தை வெட்டிவிட்டார்கள்"

ஐரோப்பிய டிவிடியில் படம் சீக்கிரம் முடிந்தால் இப்படிச் சொல்வார்கள். அது விநாடிக்கு 25 சட்டம் ஓடும், படம் எடுத்தது 24. அதனால் 100 நிமிடப் படம் 96 இல் முடியும். வெட்டவில்லை.

மேலுறையை எறிவது

பெட்டிக்கு மேலே வரும் கடதாசி உறையைச் சொல்கிறேன். எறியாதீர்கள்.

போட்டுப் பார்க்காமல் அடுக்கி வைப்பது

கொண்டுவந்தவர் திரும்பிப் போக முன்னம் ஒவ்வொரு இறுவட்டையும் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். பழுது என்றால் அவர் கையோடு கொண்டுபோய் மாற்றலாம். களுவாஞ்சிக்குடித் தம்பியின் பெட்டியில் ஐந்து இறுவட்டு. மாமா போக இன்னும் பத்து நாள். மூன்றை என் வீட்டில் பார்த்து முடித்துவிட்டோம். மற்ற இரண்டும் வருகிற போயா விடுமுறைக்கு.