அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் கல்லூரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்.எஸ்.எஸ். சார்பிலோ கல்லூரி மன்றத்தின் சார்பிலோ பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குக் குழுவோடு போகிற மாணவர் தலைவர், எடுத்த எடுப்பில் மைக்கைப் பிடித்துத் தன்னம்பிக்கை உரை ஆற்றுவார். பிள்ளைகளும் கைதட்டுவார்கள். ஆனால் அந்த வகுப்பில் தன்னம்பிக்கை இல்லை என்று யார் சொன்னது? எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

நல்ல எண்ணத்தோடு செய்யும் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பையனுக்கு, தெரிந்தவர் மூலம் தனியார் பள்ளியில் இலவசமாக பிளஸ் ஒன் இடம் வாங்கிக் கொடுப்பது. 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கும் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். அதில் பொறியியல் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்றுதான் பார்க்கின்றன. இரண்டு வருடத் தனியார் படிப்புக்காக அவ்வளவையும் விட்டுக்கொடுக்கலாமா என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும். ஆனால் விஷயத்தை முழுதாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பிளஸ் டூ வகுப்புக்கு மட்டும் போவதும் தவறுதான். பொறியியல் கட்ஆஃப் 200இல் கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டவரிடம் பொறியியல் கவுன்சலிங் பற்றி விளக்கிப் பெரும்பாலும் பயனில்லை. அது பத்தாம் வகுப்பு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டிய பேச்சு. எட்டாம் வகுப்புக்கும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்: அப்போது எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும்.

சான்றிதழ் என்றதும், "முதல் பட்டதாரி எல்லோருக்கும் உண்டு" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். குடும்பத்தில் முதலில் பட்டப் படிப்புக்குப் போகிறவருக்கான கட்டணச் சலுகை அது. அக்கா ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. கவுன்சலிங் வழியே சேர்ந்தால்தான் அந்தச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு இல்லை.

முதல் வரிசையில் உட்காரும் ஐந்து பேரை மட்டும் தேர்ந்தெடுத்துப் படம் எடுத்துப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களை ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு தனி எண்ணில் இரவில் அரட்டை, பள்ளிக்கு வெளியே தனியாகச் சந்திப்பு இரண்டும் வேண்டவே வேண்டாம். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிந்து, பள்ளி வளாகத்தில், இரண்டு பேராகப் பேசுங்கள்.

செமஸ்டர் தேர்வு வந்ததும் சொல்லாமல் காணாமல் போவதுதான் பிள்ளைகளை அதிகம் புண்படுத்துவது. வர முடியாத வாரங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாருக்கு எந்தச் சான்றிதழ் பாக்கி, யார் எந்தப் படிப்புக்கு முயல்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் இறுதியாண்டுக்குப் போகுமுன் அந்த நோட்டோடு இரண்டாமாண்டு ஜூனியர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள்.