மேலேயே உருண்டு நின்ற வெல்டிங்

பிரீமியர் பத்மினி காரின் கதவுக்குக் கீழே துருவை வெட்டியெடுத்து, 1 மி.மீ. தகடு வைத்து மிக் வெல்டிங் (கேஸ் அடித்துக்கொண்டே வயரை உருக்கி ஒட்டுவது) பிடித்தால் உலோகம் உருண்டு மேலேயே நின்றது. ஒரே பொறிச் சிதறல். கரண்டைக் கூட்டினால் ஓட்டை.

கேஸை நிமிடத்துக்கு 8 லிட்டரிலிருந்து 12-க்கு ஏற்றினேன். 0.8 மி.மீ. வயரை 0.6 ஆக்கினேன், அதைத் தள்ளும் ரோலரையும் சேர்த்து. எர்த் மாட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டினேன். நாலு நாள் போனதுதான் மிச்சம்.

மெஷினின் வயர் சுருள் மூடிக்குள் பார்த்தால், டார்ச் (கையில் பிடிக்கும் வெல்டிங் துப்பாக்கி) நெகட்டிவில் இருந்தது. பழைய மெஷின்; முன்பு கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் வயர் (உள்ளே பொடி அடைத்தது) ஓட்டியிருக்கிறார்கள், அதற்கு அதுதான் சரி. கேஸோடு ஓடும் சாதா வயருக்கு டார்ச் பாசிட்டிவ், எர்த் நெகட்டிவ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு நட்டையும் கழற்றி இணைப்புகளை இடம் மாற்றினேன். கடுகு வெடிக்கிற சத்தம் போய், எண்ணெயில் வடை வேகிற சீரான சத்தம் வந்தது. பிறகு 3 செ.மீ. இடைவெளியில் புள்ளி புள்ளியாக, முனை மாற்றி முனை வைத்தேன். தகடு நெளியவில்லை.