மிதுன் பாலைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகாலாந்து, அருணாசலப் பிரதேசக் காடுகளில் மேய்ந்து திரியும் மிதுன் மாட்டைப் பாலுக்காக வளர்க்கும் வழக்கம் அங்கு பெரிதாக இல்லை. நாளுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் கிடைத்தால் அதிகம். ஆனால் அதில் கொழுப்பு 8 முதல் 13 சதவீதம், புரதம் 5 முதல் 7 சதவீதம் என்று பதிவாகியிருக்கிறது. இந்த எண்களைப் பார்த்து ஆர்வத்தோடு வரும் புதியவர்கள், நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். குப்பியில் பெயர் எழுத மறப்பது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

கன்று குடித்ததை மறப்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கன்று முட்டாமல் மிதுன் பால் இறக்காது. அதனால் கன்றை ஊட்டவிட்டு, விலக்கி, கிடைத்ததைக் குப்பியில் பிடிக்கிறார்கள். முதல் பீச்சலில் கொழுப்பு குறைவு. மடி வற்ற வற்றக் கூடிக்கொண்டே போகும். கன்று எதைக் குடித்தது, எதை நமக்கு விட்டது என்பதைப் பொறுத்து எண் தாறுமாறாக மாறும்.

ஒரு மாணவர் ஒரே மாட்டில் ஒரு நாள் ஓர் அளவும், மறுநாள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கும் எடுத்துவிட்டு, தீவனம் மாறியதுதான் காரணம் என்று பக்கம் பக்கமாக எழுதினார். தீவனம் மாறவே இல்லை. கன்றை விலக்கிய நேரம்தான் மாறியிருந்தது. அந்தப் பருவத்து மாதிரிகள் அத்தனையும் வீண். அடுத்த ஈற்று வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கன்றைச் சில மணி நேரம் பிரித்து வையுங்கள். பால் இறங்கும் அளவுக்கு மட்டும் ஊட்டவிட்டு, மடியை முழுதும் கறந்து, எடை போட்டு, நன்றாகக் கலக்கிய பிறகு மாதிரி எடுங்கள். மாடு உதைக்கும், பொறுமை போகும். சரி, வேறு வழி இல்லை.

லாக்டோமீட்டரை நம்புவது

லாக்டோமீட்டர் அளப்பது பாலின் அடர்த்தியை. கொழுப்பு கூடினால் அது காட்டும் எண் இறங்கும், புரதம் கூடினால் ஏறும். அந்த எண்ணிலிருந்து பாலின் திடப்பொருளைக் கணக்கிடும் பசும்பால் சூத்திரம் இங்கே பொருந்தாது.

10 சதவீதக் குழாய்

கொழுப்பை அளக்கும் வழக்கமான கெர்பர் குழாயில் அளவுகோடு 10 சதவீதத்துடன் முடிந்துவிடும்; மிதுன் பால் அதைத் தாண்டலாம். பாலில் சம எடை தண்ணீர் கலந்து சோதித்து, வரும் அளவை இரட்டியுங்கள்.

சீம்பாலைச் சேர்ப்பது

கன்று ஈன்ற முதல் வாரத்துப் பால் சராசரிக்குள் வரக் கூடாது. புரதம் எகிறிவிடும்.

நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்குவது

நைட்ரஜனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கித்தான் புரதத்தைக் கணக்கிடுகிறோம். பொதுவாக அந்த எண் 6.25; பாலுக்கு 6.38.