ஷிப் கிரீக் கரையில் நின்று கிங் சால்மன் பிடிப்பது எப்படி?

அலாஸ்காவில் கிங் சால்மன் (சால்மன் மீனில் மிகப் பெரிய வகை, சுருக்கமாக கிங்) என்றாலே எல்லோரும் கெனாய் நதியைத்தான் சொல்வார்கள். 1985-இல் லெஸ் ஆண்டர்சன் 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 44 கிலோ கிங்கைப் பிடித்த ஆறு அது, அந்த உலக சாதனை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அங்கே வரத்து குறைந்துபோய், சமீப ஆண்டுகளில் கிங் பிடிக்கவே தடை போட்டார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது ஷிப் கிரீக். ஆங்கரேஜ் நகரத்தின் நடுவே, ரயில் நிலையத்தை ஒட்டி ஓடுகிற சின்ன ஆறு, சூகாச் மலையிலிருந்து இறங்கி வந்து குக் இன்லெட் என்கிற வளைகுடாவின் கிளையான நிக் கைக்கடலில் சேர்கிறது. படகு வேண்டாம், வழிகாட்டிக்குக் காசு வேண்டாம். கரையோரமாகவே தூண்டில், பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். இங்கே வருகிற கிங் பெரும்பாலும் மாநிலப் பொரிப்பகம் குஞ்சாக விட்டு, கடலில் சில வருடம் வளர்ந்து திரும்பி வருகிற மீன், அதனால் காட்டு மீன் ஆறுகளை மூடுகிற வருடங்களில்கூட இங்கே பிடிக்க வாய்ப்பு இருக்கும். அளவு பெரும்பாலும் 10 முதல் 20 பவுண்டு. மே கடைசியில் வரத்து தொடங்கும், ஜூன் நடுவில் உச்சம், ஜூலை நடுவில் கிங்குக்கு மூடிவிடுவார்கள்.

முதலில் காகித வேலை

மீன்பிடி உரிமம் ஒன்று, அதோடு கிங் சால்மனுக்கென்று தனி முத்திரை ஒன்று. இரண்டையும் அலாஸ்கா மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் இணையதளத்திலேயே வாங்கிவிடலாம். வெளியூர்க்காரர்களுக்கு 16 வயதிலிருந்தும் உள்ளூர்க்காரர்களுக்கு 18 வயதிலிருந்தும் உரிமம் கட்டாயம். 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள கிங் ஒரு நாளைக்கு ஒன்றுதான். எந்த நேரத்தில் பிடிக்கலாம், ஆற்றில் எதுவரை போகலாம் என்பதற்கும் விதி உண்டு, சீசன் நடுவில் அவசர உத்தரவு போட்டு எல்லாவற்றையும் மாற்றவும் மாற்றுவார்கள். கிளம்புகிற அன்று காலையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கடல் ஏற்ற நேரம்தான் எல்லாம்

தூண்டிலுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, கடல் ஏற்ற-வற்ற அட்டவணை பார்த்தீர்களா என்றுதான். ஆங்கரேஜில் கடல் ஏறி இறங்குகிற உயரம் சில நாட்களில் 30 அடியைத் தாண்டும். வற்றத்தில் முகத்துவாரம் முழுக்கச் சாம்பல் நிறச் சேறாகக் கிடக்கும், நடுவில் ஒரு ஓடைதான் மிச்சம். தண்ணீர் ஏறும்போது வெளியே கைக்கடலில் காத்திருக்கிற கிங் அந்த வெள்ளத்தோடு கூட்டமாக உள்ளே வரும். அதனால் ஏற்றத்தின் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலிருந்து இரண்டு மணி நேரம் பின்னால் வரை உள்ள நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. நாளைக்கு இரண்டு ஏற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஜூனில் பகல் 19 மணி நேரத்துக்கு மேல் நீள்வதால் ராத்திரி ஒன்பது மணி ஏற்றத்துக்குக்கூட விளக்கு தேவைப்படாது.

புதியவர்கள் உச்சத்துக்குப் பிந்திய பாதியை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கணக்கு. ஏறும்போது கடல் ஆற்றைத் தள்ளுவதால் நீரோட்டம் மந்தமாகி, சில நேரம் பின்னாலேயே ஓடும், தூண்டில் எங்கே போகிறது என்றே புரியாது. இறங்க ஆரம்பித்ததும் ஓட்டம் சீராகிவிடும், உள்ளே வந்த மீனும் பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும்.

சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்கக் கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும், அப்புறம் தண்ணீர் ஏறும். மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புப் படை வந்து மீட்டிருக்கிறது. சரளைக் கல் உள்ள கரையிலேயே நில்லுங்கள். மாட்டிக்கொண்டால் திமிறாமல் பின்பக்கம் சாய்ந்து காலை மெல்ல அசைத்து எடுங்கள், பூட்ஸ் போனால் போகட்டும். முடியவில்லை என்றால் கூச்சப்படாமல் உடனே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

தூண்டில் சாமான்

கம்பு எட்டரை முதல் ஒன்பதரை அடி, கொஞ்சம் தடிமனான ரகம். ரீல் 4000 அல்லது 5000 அளவு ஸ்பின்னிங். அதில் 40, 50 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு (தூண்டில் கயிறு), நுனியில் லீடராக, அதாவது முள்ளோடு சேர்கிற துண்டாக, 25 முதல் 30 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை நரம்பு) இரண்டடி. மெல்லிய நரம்பு போட்டால் மீன் நன்றாகக் கடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு நடுவே 20 பவுண்டு மீனை அரை மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்தால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் சும்மா நிற்க வேண்டியதுதான். போலராய்டு கண்ணாடி, பெரிய கைவலை, தூண்டில் முள் கழற்ற ஒரு குறடு, இடுப்பு அல்லது மார்பு உயர ரப்பர் பூட்ஸ், இவ்வளவு போதும்.

இரை கட்டுவது

ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் சாப்பிடுவதை நிறுத்திவிடும். பிறகு ஏன் கடிக்கிறது என்றால் பழக்கம், எரிச்சல், எதிரே வந்ததை வாயால் தட்டிப் பார்க்கிற குணம். அதனால் பசியைத் தூண்ட முடியாது, இரையை அதன் மூக்குக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். இதற்குச் சரியானது பதப்படுத்திய சால்மன் சினையும் தக்கையும்.

முக்கிய நரம்பில் முதலில் நகர்த்தக்கூடிய தடை முடிச்சு, பிறகு துளையுள்ள ஒரு சின்ன மணி, பிறகு தக்கை, அதன் கீழே தக்கை நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு ஈயம், சுவிவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு), லீடர், கடைசியில் 2/0 முதல் 4/0 அளவு முள். முள்ளின் கழுத்தில் லீடரைச் சுற்றி ஒரு கண்ணி வருகிற மாதிரி முடிச்சுப் போடுவார்கள். கண்ணியைத் தளர்த்தி, பெரிய நெல்லிக்காய் அளவு சினையை உள்ளே வைத்து இழுத்தால் சினை உடையாமல் இறுகி நிற்கும். கடைக்காரரிடம் ஒரு முறை கட்டிக் காட்டச் சொல்லுங்கள், படத்தைப் பார்த்துக் கற்பதைவிட அது சீக்கிரம்.

இரை அடித்தரையிலிருந்து ஒரு அடி மேலே மிதக்க வேண்டும். தக்கை தடுமாறிப் படுத்துக்கொண்டால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், தடை முடிச்சைக் கீழே இறக்குங்கள். எப்போதும் நேராகச் சிக்கலே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் இரை ரொம்ப மேலே போகிறது, முடிச்சை மேலே ஏற்றுங்கள். இங்கே ஆழம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் கால் மணிக்கு ஒரு முறையாவது இதைச் செய்தே ஆகவேண்டும். பெரும்பாலானவர்கள் காலையில் ஒரு தடவை வைத்ததோடு சரி, அப்புறம் மீனே இல்லை என்பார்கள்.

சினை வாடை பிடிக்காதவர்கள் 5 அல்லது 6 எண் ஸ்பின்னர் (தண்ணீரில் சுழலும் தகடு உள்ள செயற்கை இரை) போடலாம். தண்ணீர் கலங்கலாக இருக்கும்போது பளிச்சென்ற இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கிளிப்பச்சை. ஆனால் முகத்துவாரப் பக்கம் சினைக்கே என் ஓட்டு.

வரிசையில் நிற்பது, வீசுவது

உச்ச சீசனில் தோளோடு தோள் நிற்பார்கள். காலி இடம் தெரிந்தாலும் ‘நிற்கலாமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். கொஞ்ச நேரம் வீசாமல் பார்த்தால் ஒரு தாளம் தெரியும், மேல்புறம் நிற்பவர் வீசியதும் அடுத்தவர், அப்புறம் நீங்கள். சற்று மேல்நோக்கி வீசுங்கள், தக்கை உங்களைக் கடந்து போகும்போது தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொண்டே வாருங்கள், கீழ்ப்புறம் நிற்பவரின் எல்லைக்கு முன்னால் எடுத்து மறுபடி வீசுங்கள். மற்றவர்கள் தக்கை போட்டு ஓட்டும்போது நீங்கள் மட்டும் ஈயத்தைத் தரையில் இறக்கி வைத்தால் திட்டு நிச்சயம்.

கிங் கடிப்பது ஒரே மாதிரி இருக்காது. சில சமயம் தக்கை மறைந்தே போகும். பல சமயம் லேசாக நடுங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, ஓட்டத்தைவிட மெதுவாக நகரும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தாலே நரம்பைச் சுற்றி இறுக்கி, கம்பைப் பக்கவாட்டில் உறுதியாக இழுங்கள். சும்மா இருக்கும்போது வேகமாக வெட்டி வெட்டி இழுத்துப் பார்க்கக் கூடாது, அது மீனின் உடம்பில் முள்ளைக் கோர்க்கிற வேலை, ஆற்றில் அது சட்டவிரோதம்.

மாட்டிய பிறகு

மாட்டியதும் உரக்க ‘ஃபிஷ் ஆன்!’ என்று கத்துங்கள். பக்கத்திலிருப்பவர்கள் சுற்றி எடுத்து வழி விடுவார்கள், நாளைக்கு அவர்கள் கத்தும்போது நீங்களும் அதையே செய்வீர்கள். ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விடும் பிடிமானத்தை) நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்குக்கு வீட்டிலேயே வைத்துவிடுங்கள், 25 பவுண்டு லீடருக்கு 6 பவுண்டு. மீன் ஓடும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது, ஓடட்டும். நின்றதும் கம்பைத் தூக்கி, இறக்கும்போது சுற்றுங்கள். அது கீழ்நோக்கி ஓடினால் நீங்களும் கரையோரம் நடந்து அதற்கு நேராக வாருங்கள், ஓட்டத்தை எதிர்த்து இழுத்தால் ஜெயிப்பது ஓட்டம்தான். கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பாதி மீன் தப்பும். வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, தலையை அதற்குள் வழிநடத்துங்கள். வாலுக்குப் பின்னால் வலையை வீசினால் அடுத்த ஓட்டம் கிளம்பும்.

வலையில் வந்ததும் முள் எங்கே என்று பாருங்கள். வாய்க்கு வெளியே வேறெங்காவது மாட்டியிருந்தால் அது உங்கள் மீன் இல்லை, தண்ணீரை விட்டுத் தூக்காமலே கழற்றி விட்டுவிட வேண்டும். வாயில் என்றால் கீழ் ஈறைப் பாருங்கள், கறுப்பாக இருந்து வாலின் இரண்டு மடலிலும் புள்ளி இருந்தால் கிங். ஈறு வெளுத்து, மேல் மடலில் மட்டும் புள்ளி என்றால் கோஹோ என்கிற வேறு வகை சால்மன்.

எடுத்துக்கொள்வது என்று முடிவானால் தலையில் பலமாக ஒரு அடி, உடனே செவுளை அறுத்து ஓடும் நீரில் பத்து நிமிடம் இரத்தம் வடியவிட்டு நேராக ஐஸில். இதைத் தள்ளிப்போட்டால் சதை மென்மையாகிக் கவிச்சி ஏறிவிடும். பெண் மீன் என்றால் சினைப் பையைக் கிழிக்காமல் எடுத்து, இரத்தக் குழாய்களை அழுத்தி வடித்து, நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக வெட்டி, போராக்ஸும் (வெண்காரம்) சர்க்கரையும் கொஞ்சம் உப்பும் கலந்து தூவி ஒரு பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். முதலில் நீர் விடும், மறுநாள் அதையே உறிஞ்சிக்கொண்டு ரப்பர் மாதிரி ஆகும்போது முள்ளில் நிற்கும். பையின் மேல் ‘இரை’ என்று பெரிதாக எழுதி வையுங்கள், போராக்ஸ் சாப்பிடுகிற பொருள் இல்லை.