உங்கள் ஊர் மேயரைப் பற்றி எழுதி வைப்பது எப்படி

சின்ன ஊர் மேயர்களின் வாழ்க்கையை யாரும் எழுதி வைப்பதில்லை. பதவி முடிந்ததும் மிஞ்சுவது நாலு திறப்பு விழாக் கல்வெட்டுதான். ஈரோட்டுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது பெரியார் நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் என்று இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அதை யாரோ குறித்து வைத்ததால்தான்.

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1866 முதல் நகராட்சியாக இருந்த ஊர் 2021இல் மாநகராட்சி ஆனது, 2022 மார்ச் 4 அன்று அதன் முதல் மேயராக ஆட்டோ ஓட்டுநரான சரவணன் தேர்வானார். அந்த ஆட்டோ கதை எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

முதலில் எந்த வேலை யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். அந்தத் தேர்தலில் மேயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கவுன்சிலர்கள், கும்பகோணத்தில் 48 பேர். மன்றக் கூட்டத்தை நடத்துவது மேயர், மன்றம் போட்ட தீர்மானத்தைச் செயல்படுத்தி அலுவலகத்தை வேலை வாங்குவது மாநகராட்சி ஆணையர். அதனால் 'மேயர் ரோடு போட்டார்' என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், எந்தக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது, யார் எதிர்த்தார்கள், பணம் சொத்து வரியிலிருந்து வந்ததா அரசுத் திட்டத்திலிருந்தா என்று தேடுங்கள்.

தீர்மான நகல் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'எல்லாத் தீர்மானமும் வேண்டும்' என்று கேட்காமல் மாதம், ஆண்டு போட்டுக் கேளுங்கள்.

சரி, தாள் வேலை முடிந்ததா, தெருவுக்கு வாருங்கள். தூய்மைப் பணியாளர்கள், குடிநீர் வால்வு திறப்பவர், மார்க்கெட் வியாபாரிகள், எதிர்க்கட்சிக் கவுன்சிலர் எல்லோரிடமும் பேசுங்கள். 'மேயர் எப்படி?' என்று கேட்டால் 'நல்ல மனுஷர்' என்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். 'முன்பு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது, இப்போது?' என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். நடக்காமல் போனதையும் அப்படியே எழுதுங்கள்.

கடைசியாக மேயரையும் பாருங்கள், உங்களிடம் உள்ள தீர்மான எண்களோடு. எழுதி முடித்ததும் தேதி போட்டு ஒரு பிரதியை ஊர்க் கிளை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.