எம்.எஸ்சி. நர்சிங்: விண்ணப்பமும் பிரிவுத் தேர்வும்

சென்னையில் எம்.எஸ்சி. நர்சிங் சேர விரும்புவோர், அறிவிப்பு வெளிவரும்வரை காத்திராமல் சான்றிதழ்களை முன்கூட்டியே திரட்டி வைப்பது நல்லது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பி.எஸ்சி. நர்சிங்கில் பொதுவாக 55 சதவீத மதிப்பெண்ணும், மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவும், ஓராண்டுப் பணி அனுபவமும் தேவை. இவற்றுள் இழுத்தடிப்பது பெரும்பாலும் அனுபவச் சான்றிதழே. பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, கையொப்பம், மருத்துவமனை முத்திரை ஆகியவை தெளிவாக உள்ளனவா என்றும், பெயரின் தலைப்பெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்றும், வாங்கும் இடத்திலேயே நின்று சரிபாருங்கள்.

மருத்துவ அறுவை சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் எனப் பிரிவுகள் ஐந்து. பிறர் கேட்கிறார்கள் என்பதற்காக ஒன்றை முதல் விருப்பமாக எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. நள்ளிரவில் உறங்காத நோயாளி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல முடிந்தவருக்கு மனநலப் பிரிவு பொருந்தும். கைக்குழந்தையின் மெல்லிய இரத்த நாளத்தைத் தேடி ஊசி ஏற்றும்போது கை நடுங்காதவர் குழந்தை நலத்தை நாடலாம். ஈராண்டுப் படிப்பில் ஆய்வேடும் உண்டு என்பதால், விரும்பும் பிரிவில் போதிய நோயாளிகள் வருகிறார்களா என்பதை அந்தக் கல்லூரியின் மூத்த மாணவியரிடம் கேட்டறிந்த பின்னரே விருப்ப வரிசையை நிரப்புங்கள்.